ஃபெஷ்பெரா என்றொரு அழைப்பு

1

போன வெள்ளிக்கிழமை எங்கள் தொழிற்சாலையில் ஹெபர்லேக்குப் பிரிவு உபசாரம் நடந்தது. ஹெபர்லே, லேத் பிரிவின் ஃபோர்மன். நான் ஜெர்மனியின் தெற்கே ஸ்வாபியா என்கிற இந்தப் பகுதிக்கு வந்த நாளிலிருந்து தெரிந்தவர். குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தார்கள் என்று ஜானகியையும் கோதையையும் அழைத்துப் போயிருந்தேன். முதலாளி பேசி முடித்ததும் ஹெபர்லே எழுந்து நன்றி சொன்னார். சொல்லிவிட்டு, "ஒரு கதை சொல்றேன். சாப்பிடக் கூப்பிட்டா சர்ச்சுக்குப் போன ஒரு இந்தியரோட கதை" என்று ஆரம்பித்தார்.

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பாதிப் பேருக்கு ஏற்கெனவே தெரிந்த கதை. ஆனாலும் அவர் சொல்லச் சொல்ல மேஜையைத் தட்டிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கோதை தன் அம்மாவின் காதில் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

பஸ்ஸில் திரும்பும்போது ஜானகி கேட்டாள், "அத்தனை பேரும் உங்களைப் பாத்துச் சிரிச்சா. நீங்களும் கூடச் சேந்து சிரிக்கறேளே?"

"தமாஷ்தானே" என்றேன்.

"இருக்கலாம். ஆனா நீங்க எனக்கு இதைச் சொல்லவே இல்லையே. இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூடச் சொல்லலை."

உண்மைதான். சொன்னதில்லை. ஹெபர்லேக்கு அது ஒரு சனிக்கிழமையின் வேடிக்கை. எனக்கு அந்தச் சனிக்கிழமை அப்படி இருக்கவில்லை. போன வெள்ளிக்கிழமையிலிருந்து மனசு ஒரு இடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது. ஆபீசில் வரைபடத்துக்கு முன் உட்கார்ந்தால் ஸ்ரீரங்கத்துக்குப் போகிறது. ஸ்ரீரங்கத்தை நினைக்க ஆரம்பித்தால் உடனே இங்கே ஓடி வருகிறது. அதனால்தான் ஊரில் பத்திரிகை படிக்கிற உங்களுக்கு இதை எழுத உட்கார்ந்தேன்.

2

நான் ஸ்ரீரங்கத்தில் பிறந்து வளர்ந்தவன். அப்பா கோயிலில் ஆழ்வார் பாசுரங்களைச் சேர்ந்து ஓதுகிற பிரபந்த கோஷ்டியில் சேவிப்பவர். நான் திருச்சியில் இன்ஜினீயரிங் டிப்ளமா படித்து, ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் கொஞ்ச காலம் வேலை பார்த்தேன். அறுபதாம் வருஷம் பயிற்சிக்கு ஜெர்மனி போகச் சந்தர்ப்பம் வந்தது. இரண்டு வருஷம் என்றார்கள். கோதைக்கு அப்போது இரண்டு வயசு. ஜங்ஷனில் ரயில் கிளம்பும்போது ஜானகியின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்ப வேண்டாம் என்று நான்தான் சொன்னேன்.

அந்த இரண்டு வருஷமும் வடக்கே கடற்கரைப் பக்கம் ஒரு நகரத்தில். அங்கே புத்தகத்தில் இருக்கிற மாதிரியே ஜெர்மன் பேசுவார்கள். தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டேன். சாப்பிடுவதற்கு அவர்களுக்கு இரண்டு வினைச்சொல் உண்டு. மனுஷர் சாப்பிட்டால் ஒன்று, மிருகம் தின்றால் இன்னொன்று. இது தெரியாமல் ஒரு விருந்தில், உருளைக்கிழங்கை நான் ஆசையாக மேய்வேன் என்கிற அர்த்தம் வரும்படிச் சொல்லி வைத்தேன். அந்த வீட்டு அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். எனக்கு ஆச்சரியமாக இல்லை. எங்கள் அகத்தில் பெருமாள் அமுது செய்வார், நாங்கள் சாப்பிடுவோம், மாடு தின்னும். யாருக்கு எந்த வார்த்தை என்பதில் என் அம்மாவும் கண்டிப்பானவள்.

பயிற்சி முடிகிற சமயத்தில் ஸ்வாபியாவில் ஒரு இயந்திரத் தொழிற்சாலையில் வரைபடப் பிரிவில் நிரந்தர வேலை கிடைத்தது. ஊரில் மாமனாருக்கு இது பிடிக்கவில்லை. "திருவெறும்பூர்ல பெரிய ஃபாக்டரி வரப்போறதாம். உங்க படிப்புக்குக் கூப்பிட்டுக் குடுப்பா. பேசாம வந்துடுங்கோ" என்று எழுதினார். ஜானகி அப்படியெல்லாம் எழுதவில்லை. அவள் எழுதியது இரண்டே வரி. "கோதை உங்க போட்டோவைப் பாத்து அந்த மாமான்னு சொல்றா. நாங்க அங்க வரணும், இல்லேன்னா நீங்க இங்க வரணும். எதுவானாலும் சீக்கிரம்."

வரவழைப்பது என்று முடிவு செய்தேன். அப்புறம்தான் அலைச்சல் ஆரம்பித்தது. வெளிநாட்டவருக்கான அலுவலகத்தில் ஜன்னலுக்குப் பின்னால் ஒரு மெலிந்த மனிதர். குடும்பத்துக்கு அனுமதி வேண்டுமானால் முதலில் இரண்டு அறையும் சமையலறையும் உள்ள வீடு காட்டுங்கள் என்றார். வீடு தேடிப் போனால், குடும்பம் எங்கே, முதலில் அவர்களுக்கு அனுமதி வாங்கி வாருங்கள் என்றார்கள். அதையாவது சொன்னவர்கள் நல்லவர்கள். மற்றவர்கள் என் முகத்தைப் பார்த்ததும், இப்போதுதான் வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டோம் என்றார்கள். அடுத்த வாரம் அதே வீட்டு விளம்பரம் மறுபடி பேப்பரில் வரும். மாசக் கடைசிக்குள் வீடு காட்டாவிட்டால் விண்ணப்பம் ரத்தாகும், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று ஜன்னல்காரர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

3

இந்த நிலைமையில்தான் ஹெபர்லே ஒருநாள் மாடிப்படி ஏறி எங்கள் பிரிவுக்கு வந்தார். நான் ஊருக்குப் புதிசு. அவர் பேசுவதில் பாதி எனக்குப் புரியாது. ஸ்வாபியப் பேச்சில் வார்த்தைகளின் வாலை வெட்டிவிடுவார்கள். 'ஸ்' வரவேண்டிய இடத்தில் 'ஷ்' வரும்.

"நீங்க வீடு தேடறீங்களாமே? எங்க மாடியில ரெண்டு ரூம் காலியா இருக்கு. பையன் கல்யாணம் பண்ணிக்கிட்டுப் போயிட்டான்" என்றார்.

நான் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன்.

"இருங்க, என் சம்சாரம்தான் முடிவு பண்ணணும். சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு எங்களோட ஃபெஷ்பெரா வாங்க. அப்புறம் பேசிக்கலாம்."

தலையை ஆட்டினேன். அந்த ஒரு வார்த்தை புரியவில்லை. திரும்பக் கேட்டால் பாஷை தெரியாதவனுக்கு வீடு எதற்கு என்று நினைத்துவிடுவாரோ என்று பயம். அறைக்கு வந்து, திருச்சியில் பழைய புத்தகக் கடையில் வாங்கின சின்ன அகராதியை எடுத்தேன். ஃபெ என்கிற எழுத்தில் தேடினேன், இல்லை. அப்புறம்தான், இவர்கள் 'வெ' என்று எழுதி 'ஃபெ' என்று படிக்கிறவர்கள் என்பது ஞாபகம் வந்தது. அங்கே இருந்தது. வெஸ்பர்: கிறிஸ்தவ ஆலயத்தில் மாலை நேர வழிபாடு. வேறு அர்த்தம் எதுவும் போடவில்லை.

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். டிப்ளமாவுக்கு முன்னால் திருச்சியில் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தவன் நான். பிரார்த்தனை மணிக்கு எழுந்து நிற்பதில் எனக்கு ஒரு கஷ்டமும் இருந்ததில்லை. ஆனால் இது வேறு மாதிரி இருந்தது. எங்களோடு வந்து தொழு, அப்புறம் வீட்டைப் பற்றிப் பேசலாம் என்கிறார். அப்படியானால் நாளைக்கு ஜானகியும் வரவேண்டும் என்பார்களா? கோதைக்கு வேறு பேர் வைக்கச் சொல்வார்களா? அப்பா தினம் கோஷ்டியில் நின்று சேவிக்கிறார். பிள்ளை இரண்டு அறைக்காக எங்கே போய் நின்றான் என்று தெரிந்தால் என்ன சொல்வார்? போகாமல் இருந்தால் இன்னும் ஒரு வருஷம், குழந்தைக்கு நான் போட்டோவில் இருக்கிற மாமாதான்.

வியாழன், வெள்ளி இரண்டு நாளும் கால் தரையில் பாவவில்லை. வரைந்ததையே அழித்து அழித்து வரைந்தேன். கடைசியில் எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். போகிறது, நிற்கிறது, மண்டியிட மாட்டேன். கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுவது.

எந்தச் சர்ச் என்று தெரியவில்லை. நான் குடியிருந்த அறையின் சொந்தக்காரி, யுத்தத்துக்குப் பிறகு கிழக்கேயிருந்து அகதியாக வந்த கத்தோலிக்க அம்மாள். அவளுக்கும் உள்ளூர்ப் பேச்சு வராது. சனிக்கிழமை வெஸ்பர் எங்கே என்று அவளைக் கேட்டேன்.

"மறுநாள் திருநாள் இல்லையா, அதனால ஸ்டேஷனுக்குக் கீழே இருக்கிற கோயில்ல ஆறு மணிக்கு இருக்கு" என்றாள். என்னை ஒருமாதிரி சந்தோஷமாகப் பார்த்தாள்.

4

சனிக்கிழமை குளித்து, இருந்த ஒரே சூட்டைப் போட்டுக்கொண்டு, ஒன்றும் சாப்பிடாமல் போனேன். சேவிக்கப் போகும்போது வயிற்றைக் காலியாக வைத்துக்கொள்வது வீட்டுப் பழக்கம். எந்தத் தெய்வமானால் என்ன என்று தோன்றியது.

கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். ஹெபர்லேயைக் காணவில்லை. பெரும்பாலும் வயசான பெண்கள். ஆர்கன் ஒலித்தது. முன்னால் இரண்டு பக்கமும் ஆண்கள் எதிரெதிராக நின்று பாட ஆரம்பித்தார்கள். இந்தப் பக்கம் ஒரு அடி, அந்தப் பக்கம் அடுத்த அடி. லத்தீன், எனக்கு ஒரு எழுத்துப் புரியாது. ஆனால் அப்பா நிற்கிற கோஷ்டியில் இப்படித்தான். இரண்டு வரிசை, ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் எடுப்பார்கள். பயந்துகொண்டு வந்தவனுக்குக் கண்ணில் நீர் முட்டியது. ஆனாலும் ஒவ்வொரு தடவை கதவு சத்தம் கேட்கும்போதும் ஹெபர்லேயா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

எல்லாம் முடிந்து வெளியே வரும்போது பாதிரியார் வாசலில் நின்றிருந்தார். புது முகம், அதுவும் என் முகம். கைகொடுத்தார். "ஹெபர்லே வரவில்லையா?" என்று கேட்டேன்.

"எந்த ஹெபர்லே? லேத் ஓட்டறவரா? அவர் பிராட்டஸ்டண்டாச்சே. இந்த வாசப்படியை மிதிச்சதே கிடையாது."

"இல்லையே, அவர்தான் வரச் சொன்னார்."

"என்ன சொன்னார்? அவர் சொன்ன மாதிரியே சொல்லுங்க."

"ஃபெஷ்பெரா வாங்கன்னு."

பாதிரியார் அந்த ஊர்க்காரர். சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார். அப்புறம் என் தோளில் கையை வைத்து, "அய்யா, அது சாப்பிடறது. எங்க ஊர்ல ரொட்டி, வெண்ணெய், பன்றி இறைச்சி எல்லாம் ஒரு பலகையில வெச்சு, அடுப்புப் பத்தவைக்காம சாப்பிடறதுக்கு அந்தப் பேர். அவங்க உங்களுக்காகக் காத்துக்கிட்டு இருப்பாங்க" என்றார்.

"அகராதியில் ஜெபம் என்று இருக்கிறதே."

"அகராதியும் தப்பில்லை. லத்தீன்ல வெஸ்பெரான்னா சாயங்காலம். மடங்கள்ல சாயங்கால ஜெபத்துக்கு அந்தப் பேர் வந்துச்சு. ஜெபத்துக்கு மணி அடிச்சா வயல்ல இருக்கறவங்க வேலையை நிறுத்திட்டு ஒரு துண்டு ரொட்டி எடுப்பாங்க. போகப்போக மணியோட பேர் ரொட்டிக்கு வந்துடுச்சு. அதையே வினைச்சொல்லாவும் ஆக்கிட்டாங்க. இப்போ காலையில ஒன்பது மணிக்குச் சாப்பிட்டாலும் ஃபெஷ்பெராதான். கிளம்புங்க, நேரமாச்சு."

மேட்டுத் தெருவில் ஏறி ஓடினேன். ஓடும்போதே எனக்கு எங்கள் கோயிலின் பெரிய அவசரம் ஞாபகம் வந்தது. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். ஸ்ரீரங்கத்தில் பெருமாளுக்கு நடுப்பகலில் சமைத்த தளிகையைச் சமர்ப்பிப்பதற்குப் பெரிய அவசரம் என்று பேர். அவசரம் என்றால் அங்கே வேளை, உரிய சமயம். அப்பா கோயிலிலிருந்து வந்ததும் அம்மா, "பெரிய அவசரம் ஆயிடுத்தா?" என்பாள். ஆயிற்று என்றால்தான் எங்களுக்கு இலை விழும். சின்ன வயசில், அம்மாவுக்கு என்ன இவ்வளவு அவசரம் என்று நினைத்துக்கொள்வேன். தெய்வத்தின் வேளை எங்கள் ஊரில் ஓட்டத்துக்குப் பேராகிவிட்டது, இவர்கள் ஊரில் ரொட்டிக்குப் பேராகிவிட்டது. இதை நினைத்து அனுபவிக்கிற நிலையில் அப்போது நான் இல்லை.

கதவைத் திறந்தது ஹெபர்லேயின் மனைவி. உயரமான அம்மாள், ஏப்ரனைக்கூட அவிழ்த்துவிட்டிருந்தாள். மேஜை துடைத்துக் காலியாக இருந்தது தெரிந்தது.

"மன்னிக்கணும். நான் சர்ச்சில் இருந்தேன்" என்றேன்.

"எந்தச் சர்ச்?"

"ஸ்டேஷனுக்குக் கீழே."

அவள் முகம் இன்னும் இறுகியது. மூச்சு வாங்கிக்கொண்டு நின்ற எனக்கு விளக்கிச் சொல்ல ஜெர்மன் வரவில்லை. படித்ததெல்லாம் மறந்துபோயிற்று.

"எங்க பக்கம், ஒருத்தரைக் கூப்பிட்டா வருவாங்க. அவர் பாட்டுக் கழகத்துக்குப் போயிட்டார். திங்கட்கிழமை அவர்கிட்ட பேசிக்குங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள். சத்தமில்லாமல்தான் சாத்தினாள்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அந்தச் சின்ன ஊரின் எல்லாத் தெருவிலும் நடந்தேன். திருவெறும்பூர் வேலைக்கு மாமனாரிடம் சரி என்று எழுதிவிடலாமா என்று தபால் பெட்டி வரைக்கும் போய்விட்டுத் திரும்பினேன்.

5

திங்கட்கிழமை காலை ஒன்பதடிக்கக் கீழே லேத் பிரிவுக்கு இறங்கிப் போனேன். மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. யாரோ ஒருவர் "ஃபெஷ்பெர்" என்று குரல் கொடுத்தார். எல்லோரும் பெட்டியிலிருந்து ரொட்டியை எடுத்தார்கள். ஹெபர்லே என்னைப் பார்க்காமல் கத்தியால் ரொட்டியை அறுத்துக்கொண்டிருந்தார்.

அவர் எதிரில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அகராதி, அறைக்கார அம்மாள், பாதிரியார், ஓட்டம், ஒன்றையும் விடவில்லை. அவர் மென்றுகொண்டே கேட்டார். கடைசியில் அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. இருமி, கண்ணைத் துடைத்து, பக்கத்து மெஷின்காரர்களைக் கூப்பிட்டு என்னை மறுபடி சொல்ல வைத்தார். அன்று பிறந்ததுதான் அந்தக் கதை. போன வெள்ளிக்கிழமை அவர் அதை இந்த இடத்தோடு முடித்துவிட்டார். மிச்சத்தை அவர் எப்போதும் சொன்னதில்லை.

அன்று சாயங்காலமே என்னை வீட்டுக்கு அழைத்துப் போனார். அவர் மனைவி மறுபடி பலகையை வைத்தாள்.

"சனிக்கிழமை நறுக்கின முள்ளங்கி எல்லாம் வாடிப்போச்சு" என்றாள். அவ்வளவுதான் அவள் கோபம்.

நான் ரொட்டியும் முள்ளங்கியும் வெண்ணெயும் எடுத்துக்கொண்டேன். இறைச்சியை அவள் என் பக்கம் நகர்த்தினாள். நான் தொடவில்லை.

"பிடிக்கலையா?"

"நாங்கள் சாப்பிடுவதில்லை. மீன், முட்டை எதுவும் கிடையாது."

"அப்போ உங்க சம்சாரம் என்ன சமைப்பாங்க?"

"சாதம், பருப்பு, புளி, பெருங்காயம்."

"வாசனை வருமா?"

ஹெபர்லே தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். வராது என்று சொல்லிவிடலாம். பத்து வீடு ஏறி இறங்கினவனுக்கு அது வாய் நுனியில் நின்றது. "வரும். நிறைய வரும்" என்றேன்.

"புளிச்ச முட்டைக்கோஸை வேகவெச்சா எங்க வீட்டுலயும்தான் வருது" என்றாள். பிறகு குழந்தையின் போட்டோ இருக்கிறதா என்று கேட்டாள். பர்ஸிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.

"என்ன வயசு?"

"நாலு முடிஞ்சுது."

"நீங்க கடைசியா எப்போ பாத்தீங்க?"

"ரெண்டு வயசில்."

அவள் போட்டோவைக் கீழே வைக்கவில்லை. புருஷனைத் தலையால் காட்டி என்னிடம் சொன்னாள். "இவர் ரஷ்யாவில கைதியா இருந்துட்டுத் திரும்பி வந்தப்போ பையன் கட்டிலுக்கு அடியில போய் ஒளிஞ்சுக்கிட்டான். அப்பா வந்திருக்கார்னு சொல்றேன், அந்த ஆளைப் போகச் சொல்லும்மாங்கறான்."

ஹெபர்லே, "அதெல்லாம் எதுக்கு இப்போ" என்றார். தொழிற்சாலை முழுக்க அதட்டுகிற குரல் அப்போது மிகச் சின்னதாக இருந்தது.

"எதுக்குன்னா, மாடி சும்மாதானே கிடக்கு" என்று சொல்லிவிட்டு அவள் எழுந்துபோய்ச் சாவியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

6

அலுவலகத்து ஜன்னல்காரர் மாடியை நேரில் வந்து அளந்து பார்த்துத்தான் முத்திரை போட்டார். பாஸ்போர்ட், கப்பல் டிக்கெட் என்று அடுத்த வருஷம் ஆகிவிட்டது. ஜானகியின் அண்ணா பம்பாய் வரை வந்து ஏற்றிவிட்டார். நான் இத்தாலியில் துறைமுகத்துக்குப் போய் அழைத்து வந்தேன். ரயிலில் கோதை அம்மாவின் புடவைக்குள் முகத்தை வைத்துக்கொண்டவள், நான் பேசினால் திரும்பவே இல்லை.

வீட்டுக்கு வந்தும் அப்படித்தான். நான் வேலையிலிருந்து வந்தால் உள் அறைக்குப் போய்விடுவாள். அவளுக்காக வாங்கி வைத்திருந்த பொம்மை, ரிப்பன், எதற்கும் மசியவில்லை. ஜானகி சமாதானம் சொல்வாள். "புது இடம், குளிர் வேற. அவளுக்குக் கொஞ்சம் நாளாகும்." ஆனால் ஜானகிக்கே அங்கே இருப்புக் கொள்ளவில்லை. கீழே ஹெபர்லேயின் மனைவி முதல் நாளே பலகை வைத்துக் கூப்பிட்டாள். இறைச்சி வைத்த மேஜையில் எப்படி உட்கார்வது என்று ஜானகி படியிலேயே நின்று கைகூப்பிவிட்டுத் திரும்பி வந்துவிட்டாள். அந்த அம்மாள் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை, கூப்பிடுவதையும் நிறுத்தவில்லை. இவர்களைக் கொண்டுவந்தது சரியா என்று எனக்குத் தினமும் தோன்றும். இப்போதும் தோன்றுகிறது. கோதைக்கு இப்போது தமிழைவிட ஸ்வாபியப் பேச்சு சரளம். திருவெறும்பூர் தொழிற்சாலை எழும்பி ஓடுகிறது, என்னோடு படித்தவர்கள் அங்கே குவார்ட்டர்ஸில் இருக்கிறார்கள். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று ஒவ்வொரு வருஷமும் மாமனாருக்கு எழுதுகிறேன்.

பஸ்ஸில் ஜானகிக்குச் சாவி கிடைத்தது வரை எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே கேட்டுவிட்டு, "அப்போ அன்னிக்குக் கதவுகிட்ட நீங்க ஏன் அப்படி நின்னேள்னு இப்போதான் புரியறது" என்றாள். அவள் சொன்ன அந்த நாளை எழுதிவிட்டு முடிக்கிறேன்.

அவர்கள் வந்து சில வாரம் ஆகியிருக்கும். கோதை மெல்ல மெல்லக் கீழ் வீட்டுப் பூனையோடு விளையாடப் போக ஆரம்பித்திருந்தாள். ஒரு சாயங்காலம் நான் வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தேன். படியில் சின்னக் காலடிச் சத்தம். கோதை கதவருகில் வந்து நின்றாள். வழக்கம்போல உள்ளே ஓடவில்லை. கன்னத்தில் வெண்ணெய் ஒட்டியிருந்தது. என்னை நேராகப் பார்த்து, கீழ் வீட்டு அம்மாள் குரலில் எப்படிக் கேட்டாளோ அப்படியே, "ஃபெஷ்பெரா" என்றாள். என் விரலைப் பிடித்து இழுத்தாள்.

என்னால் ஒரு அடி எடுத்து வைக்க முடியவில்லை. அடுப்படியிலிருந்து ஜானகி எட்டிப் பார்த்தாள்.

"என்ன சொல்றா கொழந்தை?"

"சாப்பிடக் கூப்பிடறா."

"யாரை?"

"என்னைத்தான்" என்றேன்.